கலைச்சந்தையும் சமகாலக் கலையும்: பிரேம் கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அப்பா தொடங்கிய பிரேம் கடையை இப்போது நான் நடத்தி வருகிறேன். சாமி படங்களுக்கும் கல்யாணப் போட்டோக்களுக்கும் சட்டம் போடும் அதே மேசையில்தான் எழும்பூர் கவின் கலைக் கல்லூரி மாணவர்களும் ஓவியர்களும் கொண்டு வரும் படைப்புகளுக்கும் சட்டம் போடுகிறோம். அந்த வேலையாகவே டெல்லியில் நடக்கும் கலைச்சந்தைக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். மேசையில் கிடக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, ஆர்ட் ஃபேர்னு சொல்றீங்களே, அது எக்ஸிபிஷன்தானே?

இல்லை. நம் ஊர்ப் புத்தகக் காட்சியை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். அங்கே பதிப்பகங்கள் வாடகைக்கு அரங்கு எடுத்துத் தம் எழுத்தாளர்களின் நூல்களை விற்பதுபோல, கலைச்சந்தையில் பல ஊர்க் கலைக்கூடங்கள் (ஆர்ட் கேலரிகள்) ஒரே வளாகத்தில் அரங்கு எடுத்துத் தம் ஓவியர்களின் படைப்புகளை விற்கின்றன. நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1970-இல் தொடங்கிய சந்தை உலகில் பெயர்பெற்றது. இந்தியாவில் 2008-இல் டெல்லியில் 'இந்தியா ஆர்ட் சம்மிட்' என்ற பெயரில் தொடங்கியது பின்னர் 'இந்தியா ஆர்ட் ஃபேர்' ஆனது. மும்பையில் 2023 முதல் 'ஆர்ட் மும்பை' நடக்கிறது.

கொச்சியில் 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலேயையும் (ஈராண்டுக்கு ஒருமுறை என்று நடத்தும் கலைவிழா) பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது விற்பனைக்கான இடம் அன்று. பழைய கிடங்குகளிலும் மாளிகைகளிலும் மாதக்கணக்கில் படைப்புகள் பார்வைக்கு இருக்கும், அவ்வளவுதான். சந்தையில் ஒரே நாளில் நூறு ஓவியர்களைக் காணலாம். பியனாலேயில் ஒரே படைப்பின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

நம்ம சென்னையில எங்க பாக்கலாம்?

அத்தனை பெரிய சந்தை சென்னையில் நடப்பதில்லை. ஆனால் பார்ப்பதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது; ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம்; எழும்பூரில் அரசு அருங்காட்சியகத்தின் கலைக்கூடம். புகைப்படத்துக்கென 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலேயும் இருக்கிறது.

டெல்லிச் சந்தைக்குப் போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டி, ஓக்லாவில் உள்ள என்.எஸ்.ஐ.சி. மைதானத்தில் நடக்கும். மெட்ரோவில் 'ஓக்லா என்.எஸ்.ஐ.சி.' நிலையத்தில் இறங்க வேண்டும். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவுப் பயணம். அந்த மாதத்தில் அங்கே காலைக் குளிர் நமக்குப் பழகாத ஒன்று, ஆகவே ஸ்வெட்டர் அவசியம்.

வாங்கறதுக்குக் காசு இல்லாதவங்க உள்ள போலாமா? ஒரு மாதிரியா பாக்க மாட்டாங்களா?

தாராளமாகப் போகலாம். முதல் நாள் அழைப்பாளர்களுக்கு மட்டுமே அனுமதி. அதற்குப் பிறகு நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் உள்ளே போகலாம். வருபவர்களில் மிகப் பலர் எதையும் வாங்குவதில்லை. கலைக்கூடத்தாருக்கும் அது தெரியும்.

முதல் முறை நான் போனபோது, ஸ்க்ரூ டிரைவரும் டேப்பும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓர் அரங்கின் வாசலிலேயே வெகுநேரம் தயங்கி நின்றேன். உள்ளே இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, அந்தப் படம் எந்தத் தாளில் அச்சானது, தாள் ஏன் அலையலையாக நெளிந்திருக்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினார். அன்று முதல் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: விலையைக் கேட்பதற்கு முன், எதனால் செய்தது, எப்படிச் செய்தது, ஏன் இந்த அளவு என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்பவரை எந்த அரங்கிலும் மதிப்பார்கள். பதில் சொல்லத் தெரியாத அரங்கை விட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடலாம்.

மாடர்ன் ஆர்ட்டும் சமகாலக் கலையும் வேற வேறயா?

பொதுவாக, ஏறத்தாழ 1970-களுக்கு முன் உருவானதை நவீனம் என்றும், அதற்குப் பிறகு, குறிப்பாக இன்று உயிரோடு இருந்து வேலை செய்பவர்களின் படைப்பைச் சமகாலம் என்றும் பிரிப்பார்கள். சந்தையில் இரண்டும் விற்கும். எல்லைக்கோடு கறாரானதன்று.

ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரிலிருந்தே பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். பெரியமேட்டுக்கும் எழும்பூருக்கும் நடுவே, பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் நிற்கும் கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. கைத்தொழில் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேரின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. அவருக்கு அடுத்து வந்த கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பிய பாணியை அப்படியே பின்பற்றாமல் நம் கோடு, நம் எழுத்து, நம் ஜாதகக் கட்டங்கள் இவற்றிலிருந்து ஒரு நவீனத்தைக் கட்ட முடியும் என்று நம்பினார். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் படிக்க முடியாத எழுத்துகள் ஜாதகக் குறிப்புபோல நிறைந்திருக்கும்.

1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலத்தை உருவாக்கினார்கள். ஓவியம் விற்காத அந்தக் காலத்தில், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் தோல் பொருட்களும் செய்து விற்றுத்தான் அவர்கள் தங்கள் ஓவியத்துக்கு வழி தேடிக்கொண்டார்கள். துணி வெளுப்பவர்களும் சாயமிடுபவர்களும் நெசவாளர்களும் குடியேறிய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எனக்கு, சென்னையின் நவீன ஓவியத்துக்குத் துணி சோறு போட்டது என்ற செய்தி இன்றும் நெருக்கமானது. அந்த வழியில் வந்தவர்களில் கோட்டோவியங்களால் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கே.எம். ஆதிமூலம் நவீனர். பலகையிலோ தகட்டிலோ செதுக்கித் தாளில் எடுக்கும் பதிப்போவியத்தில் உலகறிந்த ஆர்.எம். பழனியப்பனும், உடலின் தடத்தையும் நிழலையும் சிற்பமாக்கும் ஏ. பாலசுப்பிரமணியமும், பெனிதா பெர்சியாளும் சமகாலத்தவர்.

எதைப் பாத்தாலும் புரியலையே, எப்படித்தான் பாக்கறது?

புரிய வேண்டும் என்ற பதற்றத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இதைச் செய்த கை என்ன செய்தது என்று தேடுங்கள். இதில் நம் பகுதி மக்களுக்கு உள்ள பயிற்சி வேறு பலருக்கு வாய்க்காதது என்பது என் உறுதியான கருத்து.

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரை ஒருமுறை கிரீம்ஸ் சாலைக்கு அழைத்துப் போனேன். இரும்புச் சிற்பம் ஒன்றின் முன்னால் குனிந்து, ஒரு பக்கத்து வெல்டிங் தையல் முழுக்க கிரைண்டரில் வழித்து மழுங்கடிக்கப்பட்டிருப்பதையும், மறுபக்கத்தில் உருகிய இரும்பு மணிமணியாக அப்படியே விடப்பட்டிருப்பதையும் காட்டினார். "தெரியாம விட்டது இல்லம்மா, வேணும்னே விட்டிருக்காரு" என்றார். அந்தச் சிற்பத்தைப் பற்றி அன்று நான் கேட்டவற்றில் அதுவே மிகச் சரியான சொல். ஒரு பக்கம் வழித்துச் சீராக்கப்பட்ட உடல், மறுபக்கம் காயம் ஆறாத உடல் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பெனிதா பெர்சியாள் 2014 கொச்சி பியனாலேயில் வைத்த உருவங்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் பழைய தேவாலயச் சிலைகள் என்றே தோன்றும். அவற்றைச் சாம்பிராணி, மரப்பட்டைப் பொடி போன்றவற்றைக் குழைத்துச் செய்திருந்தார். காற்றில் அந்த வாசனை நிற்கும். ராயபுரத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் போய் வரும் எவருக்கும் அந்த வாசனையே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்துச் சிற்பமாக்குவதும் இப்படித்தான்: சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்த வீடுகளுக்கு அது வெறும் உலோகமாகத் தெரியாது.

வாழைப்பழத்தைச் சுவத்துல ஒட்டிக் கோடிக்கணக்குல வித்தாங்களாமே, இதெல்லாம் ஏமாத்து வேலைதானே?

மௌரிசியோ கட்டெலன் என்ற இத்தாலியர் செய்தது அது. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் நடந்த பாசல் சந்தைக் கிளையின் அரங்கொன்றில், ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல் நிற ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி வைத்தார். 1,20,000 டாலருக்கு விற்றது. அதன் மூன்று பிரதிகளில் ஒன்று 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பெற்றது அந்தப் பழத்தை அன்று. அழுகும்தோறும் வேறு பழம் ஒட்டிக்கொள்ளும் உரிமையையும் அதற்கான சான்றிதழையும் செய்முறைக் குறிப்பையும்தான். ஏலத்தில் வைத்த பழம் அருகிலிருந்த தள்ளுவண்டியில் 35 சென்ட்டுக்கு வாங்கியது என்று செய்தி வந்தது. எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் ஓரத்தில் பழம் விற்பவர்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு அந்த இரண்டு தொகைகளையும் சேர்த்து வைத்து யோசிப்பது வலிக்கிறது.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். எதையும் மறைத்து விற்கவில்லை. ஆனால் சமகாலக் கலை என்றாலே இதுதான் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதே சந்தைகளில் ஆறு மாதம் செதுக்கிய மரப்பலகையும் இருக்கிறது. செய்தியாவது பழம் மட்டும்தான்.

விலையை யார் முடிவு பண்றாங்க?

ஓவியரும் கலைக்கூடமும் சேர்ந்து. படைப்பின் அளவு, எந்தப் பொருளால் செய்தது, முன்பு என்ன விலைக்கு விற்றது, எங்கெங்கே காட்டப்பட்டது ஆகியவை கணக்கில் வரும். விற்ற விலையில் ஏறத்தாழப் பாதிவரை கலைக்கூடம் எடுத்துக்கொள்வது வழக்கம். அரங்கு வாடகை, லாரி, காப்பீடு எல்லாம் அதிலிருந்து போகும். ஓவியங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காடாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்திருக்கிறது.

செய்தித்தாளில் வரும் ஏலத் தொகைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.எஃப். உசேனின் 'கிராம் யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏறக்குறைய 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அவர் 1954-இல் வரைந்தது. அவர் மறைந்ததோ 2011-இல். இளம் ஓவியர் ஒருவரின் சிறிய பதிப்போவியத்தை நல்ல கைப்பேசி ஒன்றின் விலைக்குள்ளேயே வாங்கிவிடலாம்.

படத்துக்குக் கீழ 3/10னு பென்சில்ல எழுதியிருக்கே? பிரிண்ட்னா ஜெராக்ஸ்தானே?

கடையில் நான் மிகப் பொறுமையாக விளக்கும் கேள்வி இது. பதிப்போவியம் என்பது ஏற்கெனவே வரைந்த ஒன்றின் நகல் அன்று. மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி, அல்லது செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அதில் மை தடவித் தாளில் எடுக்கும் ஒவ்வொரு பதிவும் மூலப் படைப்புதான். 3/10 என்றால் பத்துப் பிரதிகள் கொண்ட பதிப்பில் மூன்றாவது. பத்து முடிந்ததும் அந்தப் பலகையில் மேலும் எடுப்பதில்லை என்பது ஓவியர் தரும் வாக்கு. 'ஏ.பி.' என்று இருந்தால் ஓவியர் தமக்காக வைத்துக்கொண்ட பிரதி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மரச்செதுக்குப் பதிவு மேசைக்கு வந்தது: காசிமேட்டில் கரையேற்றிய படகு. தாளை டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தபோது, படகின் விலாப் பலகை ஒவ்வொன்றும் தாளில் மெல்லப் பள்ளம் பதித்திருந்தது தெரிந்தது. வானம் என்று விடப்பட்ட இடத்தில் மரத்தின் ரேகை ஓடியது. ஓரிடத்தில் உளி சறுக்கிய சின்னக் கீறல், அதை அவர் ஒரு கயிறாக மாற்றியிருந்தார். ஜெராக்ஸில் இந்தப் பள்ளமும் ரேகையும் இருக்காது. வாங்கும்போது நீங்களும் தாளைச் சாய்த்துப் பார்க்கக் கேளுங்கள்.

காசு குடுத்து வாங்கிட்டேன். அத காலண்டரா போட்டுக்கலாமா?

கூடாது. படம் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஓவியரின் ஆயுள் முழுக்கவும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். எழுத்து மூலமாக அவர் அதை மாற்றிக் கொடுத்தாலோ அனுமதி தந்தாலோ மட்டுமே நீங்கள் அச்சிடலாம். உங்கள் உருவத்தைப் பணம் கொடுத்து வரையச் சொல்லியிருந்தால் அது வேறு. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை வரையச் சொன்னவருடையது.

இன்னொன்றும் உண்டு. வாங்கியவர் என்பதற்காகப் படைப்பைச் சிதைக்கவும் முடியாது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. வழக்கை எதிர்கொண்டது இந்திய அரசு என்பதை வளரும் ஓவியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அஞ்சாயிரத்துக்குக் குடுத்த படத்த ஒருத்தர் அஞ்சு லட்சத்துக்கு வித்தா எனக்கு ஏதாவது வருமா?

முந்தைய பதிலில் சொன்ன அதே சட்டத்தின் 53-ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகியவற்றின் மூலப் படைப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதை உருவாக்கியவருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு; பத்து விழுக்காட்டைத் தாண்டாது. நடைமுறையில் கேட்டுப் பெறுபவர்கள் மிகக் குறைவு. யாரிடம் விற்றோம், அவர் யாரிடம் விற்றார் என்ற கணக்கே பெரும்பாலான ஓவியர்களிடம் இல்லை.

ஆகவே முதல் விற்பனையிலேயே காகிதம் வேண்டும். எங்கள் தெருவில் வளர்ந்த ஒரு பெண் ஆறு பதிப்போவியங்களை ஒரு கலைக்கூடத்திடம் வாய்ப்பேச்சிலேயே கொடுத்தாள். சந்தை முடிந்து ஓராண்டு கழித்து நான்கு மட்டும் திரும்பின, அவற்றிலும் இரண்டில் மூலை மடிந்திருந்தது. திரும்பாத இரண்டும் விற்றனவா தொலைந்தனவா என்று இன்றுவரை பதில் வரவில்லை. அவற்றுக்கு பிரேம் போட்டவள் நான், ரசீது கேள் என்று நானாவது அன்று சொல்லியிருக்க வேண்டும். படைப்பின் பெயர், அளவு, நிலை, ஒப்புக்கொண்ட விலை, பங்கு, திருப்பித் தரும் நாள் ஆகியவை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் எதையும் கடை தாண்ட விடாதீர்கள்.

எம் பொண்ணு நல்லா வரையுது. இத நம்பிப் படிக்க வைக்கலாமா?

வைக்கலாம். கவின் கலைக் கல்லூரியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான்காண்டு இளங்கலைப் படிப்பு. ஓவியம், சிற்பம், சுடுமண், துகிலியல், பதிப்போவியம், காட்சிவழித் தொடர்பு வடிவமைப்பு என்று துறைகள் உண்டு. திறனறித் தேர்வு எழுத வேண்டும். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி ஒன்று இருக்கிறது. சந்தையில் இடம் பிடிப்பவர்கள் சிலரே. ஆனால் வடிவமைப்பு, சினிமா, பள்ளி ஆசிரியர் பணி என்று வாழ்க்கைக்கு வழி இருக்கிறது. வீட்டில் அவள் வரைந்தவற்றைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

எங்க ஏரியாவ, எங்க ஜனங்கள போட்டோ எடுத்து ஏசி ஹால்ல விக்கிறாங்களே, அது நியாயமா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எண்ணூர்க் கழிமுகம், சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறு, 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை வாளியால் அள்ளிய கைகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் கறுத்த வலைகள் எல்லாம் படங்களாகியிருக்கின்றன. அவை இல்லாவிட்டால் நடந்தது மறந்தே போயிருக்கும் என்பதும் உண்மை. படத்தில் இருப்பவருக்கு அது எங்கே தொங்குகிறது என்றே தெரியாது என்பதும் பல நேரங்களில் உண்மை.

நான் மூன்றைப் பார்ப்பேன். முகம் தெரிபவரிடம் அனுமதி கேட்டார்களா. படத்தைத் திரும்பக் கொண்டுவந்து அவரிடம் காட்டினார்களா. ஒருமுறை வந்து போனார்களா, ஆண்டுக்கணக்கில் வந்தார்களா. தூய்மைப் பணியாளர்களின் மரணங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் எம். பழனிகுமார் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவும் கற்றுக்கொடுக்கிறார். அப்படிக் கற்ற பிள்ளை தன் தெருவைத் தானே எடுக்கும்போது இந்தக் கேள்வியே மாறிவிடுகிறது. அரங்கில் இத்தகைய படத்தைக் கண்டால், மூன்றாவது பதிலில் சொன்ன கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: இதில் இருப்பவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டாரா?

வாங்கின படத்த நம்ம உப்புக் காத்துல எப்படிக் காப்பாத்தறது?

தாளில் செய்த படைப்பென்றால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும்; ஒட்டிக்கொண்டால் மழைக்காலத்தில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். செலோ டேப் போட்டு ஒட்டித் தருபவரிடம் கொடுக்காதீர்கள், அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாக முன்பக்கம் வந்துவிடும். பின்பக்கத்தை முழுக்கத் தாள் நாடாவால் மூடினால் பூச்சி நுழையாது.

குளியலறைச் சுவரிலும், வெயில் நேரே விழும் சுவரிலும் மாட்டாதீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வீடு என்றால் சாதாரண இரும்பு ஆணி இரண்டு வருடம் தாங்காது. பித்தளைக் கொக்கியோ எவர்சில்வர்த் திருகோ போடுங்கள். பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். ஐப்பசியில் மழை தொடங்கும் முன் ஒருமுறை இறக்கி, பின்பக்கத்தைத் துடைத்து, நாடா பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.